மழை எடுத்ததும் குவியல் எடுத்ததும்: நெடுங்கேணியில் ஓர் உழுந்துப் போகம்

2025 ஜனவரி 9ஆம் திகதி காலை, அக்காவின் முற்றத்தில் தறப்பாளால் மூடிக்கிடந்த உழுந்துக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டேன். வெளியே பனி. குவியலுக்குள்ளோ அடைகாக்கும் கோழியின் வயிற்றுக்கடியில் கையை வைத்தது போன்ற சூடு. கையை வெளியே எடுத்தபோது விரல்களில் ஈரம் பிசுபிசுத்தது. ஊறிப் புளித்த தவிட்டின் மணம் அடித்தது. பிடித்து இழுத்த கொடியில் ஒரு காய் பிளந்திருந்தது. உள்ளே இருந்த ஆறு மணிகளில் இரண்டு வெள்ளை முளை விட்டிருந்தன, மற்ற நான்கின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சை நூல் படர்ந்திருந்தது.

அக்கா பக்கத்தில் நின்றாள். "மழை எல்லாவற்றையும் எடுத்துவிட்டது, தம்பி" என்றாள். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த இரண்டு வாரங்களில் எண்ணிப் பார்த்தும் நிறுத்துப் பார்த்தும் தெரிந்துகொண்டது வேறு. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். வன்னியில் மாரி உழுந்து போடுகிற ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பேச்சு வருகிறது. வந்ததும் மழையைத் திட்டிவிட்டு எழுந்துபோகிறோம். மழை செய்தது எவ்வளவு, நம் கை செய்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

காணியும் விதைப்பும்

காணி வவுனியா வடக்கில், நெடுங்கேணிக்கு அப்பால் இருக்கிறது. அப்பா விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம். மேற்பகுதி செம்மண், கீழே போகப் போக மண் கறுத்துக் களித்தன்மை கூடும். அதற்கப்பால் வயல், அதற்கும் அப்பால் குளம். போர் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது இந்த நிலம் முழுவதும் காடு பற்றியிருந்தது. அத்தானும் நானும் சேர்ந்துதான் வெட்டித் திருத்தினோம். இப்போது மூன்று அரை ஏக்கர்த் துண்டுகளாகச் செய்கிறோம். மேல் துண்டு என்னுடையது, நடுத்துண்டு அக்காவும் அத்தானும் செய்வது, கீழ்த்துண்டு இருவருக்கும் பொது.

2024 பெரும்போகத்தில், அதாவது மாரிப் பயிர்க்காலத்தில், மேல் துண்டிலும் நடுத்துண்டிலும் ஒக்டோபர் 21ஆம் திகதி ஒரே நாளில் விதைத்தோம். இரண்டுக்கும் ஒரே விதை, மகா இலுப்பள்ளம பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எம்.ஐ. 1 என்ற இனம். துண்டுக்கு ஆறு கிலோ. எக்டேயருக்கு 30 கிலோ என்ற கணக்கில் அரை ஏக்கருக்கு அது சரியாக வரும். நான் வரிசையில் நட்டேன். அத்தான் வீசி விதைத்து உழவு இயந்திரத்தால் மேலாக மூடினார். கீழ்த்துண்டு ஈரம் கூடுதலாக இருந்ததால் பொறுத்திருந்து நவம்பர் 12இல் விதைத்தோம். பிந்தி விதைத்தால் அறுவடை ஜனவரிக் கடைசிக்குத் தள்ளிப்போகும், வெயில் கிடைக்கும் என்பது எங்கள் எண்ணம்.

விதைக்கும் நாள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சிறிது காலநிலை சொல்ல வேண்டும். ஒக்டோபர், நவம்பர் இரண்டும் இரண்டாவது இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம், அதாவது ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றது தொடங்குவதற்கு இடைப்பட்ட காலம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகி வடக்குக்கும் கிழக்குக்கும் கொட்டுகிற மாதங்கள். டிசம்பரில் தொடங்கி பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி. உழுந்து எழுபது, எழுபத்தைந்து நாள் பயிர். ஐப்பசி முற்பகுதியில் விதைத்தால் மார்கழி நடுவிலிருந்து காய் கறுக்கத் தொடங்கும். மழை விட்டிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத காலம் அது. விதைக்க மழை வேண்டும், அறுக்க வெயில் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எழுபது நாள்தான். மாரி உழுந்தின் சிக்கல் முழுவதும் இந்த எழுபது நாளுக்குள் அடங்கியிருக்கிறது.

கார்த்திகை வெள்ளம்

நவம்பர் கடைசி வாரத்தில் வந்த தாழமுக்கத்தை வடக்கிலும் கிழக்கிலும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் ஃபெங்கல் என்ற பெயருடன் புயலாகி 30ஆம் திகதி புதுச்சேரிக்கு அருகே கரை கடந்ததும் அதுதான். எங்கள் காணியில் 25ஆம் திகதி இரவு தொடங்கிய மழை மூன்று நாள் விடவில்லை. குளத்துப் பக்கமிருந்து வயல் நிறைந்து, கீழ்த்துண்டின் பாதி வரை தண்ணீர் ஏறிவிட்டது.

கீழ்த்துண்டின் கதையை விரைவாக முடித்துவிடுகிறேன். பயிருக்கு அப்போது இரண்டு வார வயது. இரண்டு நாள் நீரில் நின்றது. உழுந்தின் வேர் மூச்சுவிட வேண்டிய வேர். அதில் இருக்கிற, நைதரசன் பிடித்துத் தரும் முடிச்சுகளுக்கும் காற்று வேண்டும். நீர் வடிந்தபின் இலை மஞ்சளாகி நின்ற இடத்திலேயே நின்றது. பாதி செத்தது, மீதி குட்டையாகக் காய்த்தது. கடைசியில் கிடைத்தது 22 கிலோ. பிந்தி விதைத்தால் தப்பலாம் என்பது எல்லா நிலத்துக்கும் பொருந்தாது. தாழ்ந்த நிலத்தில் பிந்தி விதைப்பது, கார்த்திகை மழைக்குக் கைக்குழந்தையைக் கொடுப்பது போன்றது.

மேலே இருந்த இரண்டு துண்டுகளும் உயிரோடு தப்பின. மேல் துண்டில் நான் விதைப்புக்கு முன்பே சரிவுக்குக் குறுக்காக ஒரு வடிகால் வெட்டியிருந்தேன், ஒரு சாண் ஆழம், மண்வெட்டி அகலம். நடுத்துண்டில் வடிகால் இல்லை, அதன் கீழ் மூலையில் ஒரு நாள் தண்ணீர் தேங்கியது. ஆனால் இரண்டு துண்டுகளுக்கும் பொதுவான பாதிப்பு ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அந்த மழை வந்தபோது பயிருக்கு 36 நாள். முதல் பூ விரிந்திருந்த நேரம். மூன்று நாள் அடித்த மழையில் பூக்களில் பெரும்பகுதி உதிர்ந்தது. உழுந்து அதற்காகச் சோர்ந்துபோகிற பயிர் அல்ல. வெயில் வந்ததும் பக்கக் கிளைகளில் மீண்டும் பூத்தது. அப்படிப் பூத்ததைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் அதன் விளைவாக ஒவ்வொரு செடியிலும் இரண்டு வயதுக் காய்கள் இருந்தன. மழைக்குத் தப்பிய முதல் பூவின் காய்கள் அடியில் இருந்தன, டிசம்பர் நடுவில் பூத்தவற்றின் காய்கள் மேலே இருந்தன. அடிக்காய் கறுத்து மணி காய்ந்தபோது மேல்காய் இன்னும் பச்சை. சாதாரண ஆண்டில் இந்த இடைவெளி நான்கைந்து நாள். அந்த ஆண்டு பன்னிரண்டு நாளுக்கும் மேல்.

அறுவடையில் நடந்த எல்லாம் இந்த இடைவெளியிலிருந்து வந்தவைதான்.

இரண்டு முடிவுகள்

டிசம்பர் 29ஆம் திகதி மாலை அத்தானும் நானும் வரம்பில் நின்று பார்த்தோம். செடிக்குப் பாதிக் காய் கறுப்பு, மீதி பச்சையும் பழுப்பும்.

"இன்னும் ஒரு கிழமை விடலாம்" என்றார் அத்தான். "எல்லாம் ஒன்றாகக் கறுத்தபின் ஒரேயடியாகப் பிடுங்கிவிடலாம். இப்போது கூலிக்கு ஆள் பிடித்துக் கறுத்த காயை மட்டும் கையால் பறித்து ஆய்ந்தால் மிஞ்சுவது என்ன?"

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. நல்ல ஆண்டில் நானும் அப்படித்தான் செய்வேன். எண்பது விழுக்காடு காய் கறுத்ததும் கொடியோடு பிடுங்கி, களத்தில் இரண்டு நாள் காயவைத்து, தடியால் அடித்துத் தூற்றினால் வேலை முடிந்தது. ஆனால் அந்த மாலை அம்மா சொன்னது என் காதிலேயே நின்றுவிட்டது. அம்மாவுக்கு இப்போது பார்வை குறைவு. நான் கொண்டுபோய்க் கொடுத்த காயைக் காதருகே வைத்துக் குலுக்கினார். மணி கலகலத்தது. "இது செடியில் இருந்து இனி ஒன்றும் வாங்கப் போவதில்லை, தம்பி. பிறகு ஏன் அங்கே வைத்திருக்கிறாய்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கறுத்த காய்க்கும் செடிக்கும் கணக்கு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அது களஞ்சியத்தில் இருக்க வேண்டிய தானியம், வயலில் கூரையில்லாமல் கிடக்கிறது, அவ்வளவுதான். முதலில் கறுத்த காய்தான் செடி முழுப் பலத்தோடு இருந்தபோது நிரப்பிய காய். மணி பருத்தது, விதைக்கும் உகந்தது. மேலே பச்சையாக இருக்கிற பிந்திய காய்க்காக, விளைந்து முடிந்த நல்ல காயை மழையின் முன்னால் பிணையாக வைக்கிறோம்.

30, 31 இரண்டு நாளும் நாலு பேர் மேல் துண்டில் காய் ஆய்ந்தோம். காலையில் பனி காயும் வரை காணிக்குள் இறங்கவில்லை. உழுந்துக் காயின் மேல் மெல்லிய சுணை உண்டு. பனித்துளி அந்தச் சுணையில் தொங்கி நிற்கும், கையால் தடவினால்தான் ஈரம் தெரியும். ஒன்பதரை மணிக்குமேல் அந்தச் சுணை உலர்ந்து காய் விரலில் சொரசொரக்கத் தொடங்கியபின் ஆய்ந்தோம். பழுப்பு நிறக் காயைத் தொடவில்லை. வரிசையில் நட்டிருந்ததால் காலடியில் மிதிபடாமல் நடக்க முடிந்தது, வீசி விதைத்த துண்டில் இது கடினம். இரண்டு நாள் வெயிலில் படங்கில் காயவைத்துத் தடியால் அடித்தோம். சுளகில் புடைத்தபின் 96 கிலோ நின்றது.

ஜனவரி 3ஆம் திகதி மழை வந்தது. நான்கு நாள். பெரிய மழை இல்லை, தூறலும் இடையிடையே கனத்த பொழிவுமாக. ஆனால் காய்க்குப் பெரிய மழையைவிடக் கெடுதல் இப்படி விட்டுவிட்டுப் பெய்வதுதான். நனைந்த காய் உலரும் முன் மீண்டும் நனைகிறது. நடுத்துண்டில் கறுத்துக் காய்ந்திருந்த மணிகள் காய்க்குள்ளேயே தண்ணீர் குடித்து உப்பின.

குவியல்

7ஆம் திகதி மழை விட்டது. வானம் இன்னும் மூட்டமாகவே இருந்தது. இதற்கு மேலும் விட்டால் எல்லாம் போய்விடும் என்று அத்தான் அன்றே ஆறு பேரை வைத்து நடுத்துண்டு முழுவதையும் பிடுங்கினார். ஈர மண்ணில் பிடுங்கியதால் வேரோடு மண்கட்டியும் வந்தது. இலை உதிரவில்லை, மேற்கிளைகள் பச்சை. மாலை மீண்டும் தூறியதும் எல்லாவற்றையும் முற்றத்தில் ஓராள் உயரத்துக்குக் குவித்து, மேலே தறப்பாளைப் போட்டு, ஓரங்களில் கல் வைத்து இறுக்கி மூடினார்.

இதை ஏன் செய்தார் என்பதை நான் பல நாள் யோசித்தேன். அத்தான் வயற்காரர். நெல்லில் பிறந்து வளர்ந்தவர். அறுத்த நெல்லைச் சூடு வைத்தால், அதாவது போராக அடுக்கினால், வாரக்கணக்கில் நிற்கும். கதிர்கள் உள்நோக்கி, தாள் வெளிநோக்கி அடுக்கப்படுவதால் மழை வைக்கோலில் வழிந்து ஓடிவிடும். வைக்கோல் உலர்ந்தது, உள்ளே காற்றுப் போகும். அந்தக் கை அனுபவம் தவறானதல்ல, அதைக் கொண்டுபோய் வைத்த பயிர்தான் வேறு. உழுந்துக் கொடியில் இலை உண்டு, பச்சைத் தண்டு உண்டு, வேரில் ஈரமண் உண்டு. தறப்பாளுக்கோ மூச்சு இல்லை.

பிடுங்கிய பயிர் உடனே செத்துவிடுவதில்லை. இலையும் பச்சைக் காயும் ஊறிய மணியும் தொடர்ந்து மூச்சுவிடுகின்றன. மூச்சுவிடும்போது சூடும் நீராவியும் வெளிவருகின்றன. பரவலாகக் கிடந்தால் காற்று அவற்றைக் கொண்டுபோய்விடும். குவியலில் அவை உள்ளேயே சிக்கி, தறப்பாளின் அடியில் துளித்துளியாகக் கோத்து மீண்டும் காயின் மேல் சொட்டுகின்றன. சூடு கூடக் கூடப் பூஞ்சை விரைவாக வளரும், வளரும் பூஞ்சையும் மேலும் சூட்டைத் தரும். இரண்டு இரவு போதும். 9ஆம் திகதி காலை நான் கையை விட்டது இந்தக் குவியலுக்குள்தான்.

வேலியில் கிடந்த கொடிகள்

மழையா, குவியலா என்று பிரித்துச் சொல்ல எனக்குக் கைகொடுத்தது ஒரு தற்செயல். 7ஆம் திகதி மாலை குவியலில் இடம் போதாமல் மிஞ்சிய ஒரு கட்டுக் கொடியை அக்காவின் மகள் கொண்டுபோய் மாட்டுக் கொட்டிலின் தாழ்வாரத்துக்குக் கீழே இருந்த கம்பி வேலியில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை, தரையில் போட்டால் மாடு தின்றுவிடும் என்று அவள் செய்தது. அதே துண்டு, அதே விதை, அதே நான்கு நாள் மழை, அதே நாளில் பிடுங்கியது. ஒரே வேறுபாடு, அந்தக் கொடிகளைச் சுற்றிக் காற்று ஓடியது.

9ஆம் திகதி அந்தக் கொடிகளைத் தொட்டுப் பார்த்தேன். இலை சுருண்டு உலர்ந்திருந்தது. காயின் வெளித்தோலில் மட்டும் கரும்புள்ளிகள். உடைத்தால் மணியில் சிறிது நிறமாற்றம் இருந்தது, முளை மிகக் குறைவு, வாடை இல்லை.

பொங்கல் முடிந்தபின் எல்லா வகையிலும் நூறு நூறு மணியை எண்ணி எடுத்து, ஈரத் துணியில் சுருட்டி வைத்தோம். விதை முளைதிறன் பார்க்க எங்கள் ஊரில் செய்கிற முறை இது, விவசாயப் போதனாசிரியர்களும் இதையே சொல்லித் தருகிறார்கள். ஐந்தாம் நாள் விரித்து அம்மாவின் மடியில் வைத்து எண்ணினோம். அம்மா விரலால் தடவி எண்ணினார், அக்காவின் மகள் கண்ணால் எண்ணினாள். மேல் துண்டில் முதல் முறை ஆய்ந்தது 91. வேலியில் தொங்கியது 71. குவியலில் இருந்து எடுத்தது 34.

91இலிருந்து 71 வரை இறங்கியதை மழையின் கணக்கில் எழுதலாம். 71இலிருந்து 34 வரை இறங்கியது குவியலின் கணக்கு. மழை எடுத்ததைவிடக் குவியல் எடுத்தது ஏறத்தாழ இரண்டு மடங்கு. நூறு மணியில் செய்த வீட்டுக் கணக்குத்தான் இது, ஆய்வுகூடக் கணக்கு அல்ல. வேலியில் தொங்கியது ஒரேயொரு கட்டு. ஆனால் இந்த அளவு வேறுபாட்டைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எடைக் கணக்கு

மேல் துண்டில் இரண்டாம் முறை ஜனவரி 11இல் ஆய்ந்தோம். 61 கிலோ கிடைத்தது. மழையில் கிடந்த காய் அதிலும் இருந்தது, புடைத்துப் பிரித்ததில் 45 கிலோ நல்லது, 16 கிலோ கறைபட்டது. ஆக மேல் துண்டில் மொத்தம் 157 கிலோ, நல்ல உழுந்து 141.

நடுத்துண்டில் அடித்து எடுத்தது 121 கிலோ. அக்கா மூன்று நாள் சுளகும் கையுமாக இருந்து பிரித்தாள். நல்லது 38, கறைபட்டது 52, கழித்தது 31. கறைபட்டதை வவுனியாச் சந்தையில் வாங்கியவர் பாதி விலைக்கும் குறைவாகவே எடுத்தார்.

மேல் துண்டு வென்றது, நடுத்துண்டு தோற்றது என்று இதை எழுதி முடிப்பது நியாயமாகாது. நடுத்துண்டின் கீழ் மூலையில் கார்த்திகையிலேயே தண்ணீர் நின்றது, அங்கே காய்ப்பு முதலிலிருந்தே குறைவு. வீசி விதைத்ததால் செடிகள் நெருங்கிக் காற்றோட்டமும் குறைவாக இருந்தது. மொத்த எடையில் இருக்கிற 36 கிலோ வித்தியாசத்தில் ஒரு பகுதி இவற்றால் வந்ததுதான். ஆனால் 141க்கும் 38க்கும் இடையில் இருக்கிற வித்தியாசத்தை வடிகாலாலும் வரிசையாலும் விளக்க முடியாது.

கூலியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அத்தானின் முதல் கேள்வி அதுதான். மேல் துண்டில் இரண்டு முறை ஆய 12 ஆள்நாள் போனது. நடுத்துண்டில் பிடுங்க 6 ஆள்நாள். அடிப்பு இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான். ஆனால் அக்காவின் மூன்று நாளை யாரும் கூலியாக எழுதவில்லை. பழுதான தானியத்தைப் பிரிக்கிற வேலை எப்போதும் வீட்டுப் பெண்களின் மேல் விழுகிறது, கணக்குப் புத்தகத்தில் அதற்குக் கோடு இல்லை. அதைச் சேர்த்தால் 12க்கு 9. அந்த மூன்று ஆள்நாள் கூலி, நூறு கிலோவுக்கு மேற்பட்ட நல்ல உழுந்துக்கு முன்னால் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 2020இல் உழுந்து இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்றிலிருந்து நல்ல உழுந்துக்கும் கறைபட்ட உழுந்துக்கும் சந்தையில் இருக்கிற இடைவெளியை விவசாயி கையால் தொட்டு உணர்கிறான்.

என் பக்கத்துப் பிழைகள்

என் கையும் சுத்தமில்லை. இரண்டாம் முறை ஆய்ந்த 61 கிலோவை மூடிய வானத்தின் கீழ் அவசரமாகக் காயவைத்தேன். பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று சாக்கில் கட்டிவிட்டேன். ஒரு வாரத்தில் சாக்கின் நடுவே கையை வைத்தபோது லேசான வெதுவெதுப்பு. அன்றிரவே அவிழ்த்துக் கொட்டினேன். அந்த இரவு தவறியிருந்தால் இந்தக் கட்டுரையில் குவியலைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருந்திருக்காது.

அதற்குப் பிறகுதான் உப்புப் போத்தல் முறையைச் செய்துபார்த்தேன். முன்பே தெரியும், சோம்பலால் செய்யாமல் இருந்தேன். நன்கு உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி உழுந்து, அதனோடு அடுப்பில் வறுத்து ஆறவைத்த உப்பு இரண்டு கரண்டி. மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். போத்தலின் சுவரில் உப்பு ஒட்டினால் தானியத்தில் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல். ஒட்டாமல் கீழே விழுந்தால் அதற்குக் கீழ். என் சாக்கு உழுந்தில் உப்பு சுவர் முழுவதும் மாவு போல் ஒட்டிக்கொண்டது. பல்லுக்குக் காய்ந்ததாகப் பட்டது உண்மையில் காயவில்லை. இந்தச் சோதனையில் தேறுவது முதற்படிதான், சேமித்துவைக்க 12 விழுக்காட்டுக்குக் கீழே போக வேண்டும். அதனால் உப்பு ஒட்டாமல் விழுந்த பிறகும் இரண்டு முழு வெயில் கொடுத்தேன்.

வெயில் இல்லாத நாளில் என்ன செய்வது? இரண்டாம் முறை ஆய்ந்தபோது எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று மூங்கில்களைக் குறுக்கே கட்டி, பழைய நைலோன் வலையை இழுத்துக் கட்டினோம். அதன் மேல் காயை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, ஓரத்தில் மேசை மின்விசிறியை வைத்தோம். மேலும் கீழும் காற்று ஓடியது. மூட்டத்திலும் இரண்டாம் நாள் மாலை காய் நெரித்தால் உடைந்தது. சிமெந்துத் தரையில் பரப்பிய ஒரு பகுதியோ அடிப்பக்கம் ஈரமாகவே கிடந்தது. அந்த வலைக்கு ஆன செலவு ஒன்றும் இல்லை. அம்மா சொன்ன பழைய வழியும் அதே அறிவுதான்: விதை உழுந்தைக் காயோடு கட்டி அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்களாம். புகையும் வெதுவெதுப்பான காற்றும் மாரி முழுவதும் அதை உலர்ந்த நிலையில் வைத்திருக்கும், வண்டும் அண்டாது.

கழித்த 31 கிலோ

அத்தான் அதைக் கோழிக்குப் போடலாம் என்றார். அக்காவும் வீணாக்க மனமில்லாமல் அரைத்துத் தோசைக்குக் கலக்கலாமா என்று பார்த்தாள். இந்த இடத்தில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். பூஞ்சை பிடித்த தானியத்தில் பூஞ்சை மட்டும் இருப்பதில்லை, அது விட்டுச்செல்கிற நஞ்சும் இருக்கலாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. அவற்றின் தீவனத்தில் இருந்த கச்சான் (நிலக்கடலை) பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டார்கள். அப்படித்தான் அஃப்ளாடொக்சின் என்ற பெயர் உலகுக்குத் தெரிந்தது. ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு அது. வழக்கமான சமையல் சூட்டில் அழியாது, கழுவினாலும் போகாது. எங்கள் குவியலில் வளர்ந்தது அதே பூஞ்சைதானா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியாதபோது பிள்ளைகளின் தட்டில் வைக்கக் கூடாது. குழி வெட்டிப் போட்டு மண் மூடினோம். அக்கா குழியருகே நெடுநேரம் நின்றாள். நல்லெண்ணெய் விட்டு உழுந்தங்களி கிண்டிக் கொடுக்க வேண்டிய வயதில் ஒரு மகள் வீட்டில் இருக்கிறாள். அந்தக் களிக்கென்று அக்கா மனதில் எடுத்துவைத்திருந்த உழுந்து அது.

அன்று மாலை நான் முதல் முறை ஆய்ந்த உழுந்தில் பத்துக் கிலோவைக் கொண்டுபோய் அக்காவின் குசினியில் வைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சுளகில் கொஞ்சம் கொட்டி, விரலால் பரப்பி, ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கறை இல்லை.

2025 செப்டெம்பரில், முதல் மழைக்கு முன், நடுத்துண்டின் கீழ் மூலையில் அத்தான் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார். விதைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். மண்வெட்டியை ஊன்றி நின்று, "உன் அம்மா காதில் வைத்துக் குலுக்கினாரே, அந்தச் சாக்கிலிருந்து ஆறு கிலோ தா" என்றார். "இம்முறை வரிசையில்தான். இரண்டு முறை ஆய வேண்டுமென்றால் நடக்க இடம் வேண்டுமே."